யாரிடமும் என்ற சொல்

வரலாறு டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று தலைமையாசிரியர்களைப் பார்த்துவிட்டார். நான்காமவர் இவரைவிட ஆறு வயது இளையவர். இத்தனை காலத்தில் டீச்சர் ஒரு பிள்ளைமேல் கை வைத்ததில்லை, பாடத்தை முடிக்காமல் ஒரு பருவத்தை ஒப்பேற்றியதில்லை. பகல் இடைவேளையில் ஆசிரியர் அறை கலகலப்பாக இருப்பதும் அவரால்தான். விடைத்தாள்களில் பிள்ளைகள் எழுதும் அபத்தங்களை ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டுவார். "மன்னர் இறந்தபின் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்" என்று ஒருவன் எழுதியிருந்ததை அவர் செய்தி வாசிப்பவர் குரலில் படித்த நாளில், கணக்கு ஆசிரியருக்குப் புரையேறி முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

ஐந்தாண்டுகளுக்கு முன், ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் நடத்தை விதிகள் வேண்டும், அவற்றைக் கவனிக்க ஒரு குழுவும் வேண்டும் என்று கல்வித் துறை ஆணை அனுப்பியது. விதிகள் அதற்கு முன்பும் இருந்தன. பீரோவின் அடித்தட்டில் இருந்தன. யாருக்கும் புரியாத அந்தப் பழைய நடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாசித்தால் விளங்கும் தமிழில் இருபத்திரண்டு விதிகளை எழுதிக் கொடுத்தவர் வரலாறு டீச்சர். குழுவில் தலைமையாசிரியரும் கணக்கு ஆசிரியரும் அவரும் இருந்தார்கள்.

ஒன்பதாவது விதியில்தான் வாக்குவாதம் வந்தது. மாணவர் எழுதியதையோ சொன்னதையோ அவருடைய வீட்டு நிலைமையையோ பணிக்குத் தொடர்பில்லாத யாரிடமும் பகிரக் கூடாது என்று டீச்சர் எழுதியிருந்தார். வீட்டில் மனைவியிடம்கூட வாய் திறக்கக் கூடாதென்றால் ஆசிரியர்கள் சாயங்காலம் எதைத்தான் பேசுவது என்று கணக்கு ஆசிரியர் கேட்டார். 'வெளியாரிடம்' என்று மாற்றிவிட்டால் நெருக்கடி குறையும் என்றார்.

"யாரிடமும்னா யாரிடமும்தான் சார். வீட்டு ஆளுங்களும் அதுல சேர்த்தி" என்றார் டீச்சர். அந்தச் சொல் அப்படியே நின்றது. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முதல் நாளில் இருபத்திரண்டு விதிகளையும் எல்லார் முன்னிலையிலும் வாசிப்பவரும் அவரே.

இடைவேளையில் விடைத்தாள் படித்துச் சிரிப்பது ஒன்பதாவது விதிக்குள் வருமா என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அது வேறு, இது வேறு என்று மனசுக்குள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்.

அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வந்தன. அவற்றை எண்ணி, வரிசைப்படுத்தி, கோணி ஊசியும் ட்வைன் நூலும் கொண்டு கட்டுக் கட்டாகத் தைத்து ஆசிரியர்களிடம் சேர்ப்பது தேர்வறை ஊழியரான ஒரு பெண்மணியின் வேலை. கட்டுக் கட்டுகிறவர் என்பதால் எல்லாரும் அவரைக் கட்டக்கா என்று அழைத்தார்கள். பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். விடைத்தாள் பீரோவின் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டிருப்பார். அவர் கட்டிய கட்டில் ஒரு தாள் குறைந்ததென்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் சாப்பாட்டு மேசையில் எட்டாம் வகுப்புக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கேள்வி, இரு நாடுகளுக்கு இடையே ஏற்பட்ட உடன்படிக்கை ஏன் நீடிக்கவில்லை என்று காரணங்களை விளக்கச் சொல்லியிருந்தது. ஐந்து மதிப்பெண். ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்:

"கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் கோடு எங்கே போடுவது என்று மட்டும்தான் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் ஹாலின் நடுவில் அப்பா டேப் ஒட்டியிருக்கிறார். டிவி அப்பா பக்கம். ஃபேன் சுவிட்ச் அம்மா பக்கம். ஒருவர் பக்கத்துக்கு இன்னொருவர் வந்தால் போர். கோட்டின் மேலே இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. அதனால் நீடிக்காது."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த டிவியும் ஃபேன் சுவிட்சும் அவரை விடவில்லை. உடனே கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, 'எட்டாம் வகுப்பு ராஜதந்திரி' என்று ஒரு வரி சேர்த்துத் தங்கைக்கு அனுப்பினார். தங்கை ஒரு பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அக்காவும் தங்கையும் இந்த மாதிரி வேடிக்கைகளை நாளுக்கு நாலு பரிமாறிக்கொள்வார்கள். முதல் பக்கத்தில்தானே பெயர் இருக்கிறது, இது உள்பக்கம்தானே என்று ஒரு சமாதானம் கேட்காமலே வந்து நின்றது. தங்கையிடமிருந்து எட்டுச் சிரிப்பு முகங்கள் வந்தன. அதற்குப் பிறகு டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, ஐந்துக்கு ஒன்று போட்டு, ஓரத்தில் 'பாடத்தில் உள்ளதை எழுது' என்று குறித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். அந்த ஹாலில் ஒரு பிள்ளை நிற்கிறாள் என்பது அன்றைக்கு அவர் கண்ணில் படவே இல்லை.

தங்கை அதைத் தன் குடியிருப்புக் குழுவில் போட்டார். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று. பக்கத்துக்குப் பக்கம் மேல் மூலையில் மாணவர் வரிசை எண் எழுத வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். படத்தில் எண் பளிச்சென்று இருந்தது. புதன்கிழமை அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைபேசிகளுக்கே திரும்பி வந்தது. அன்று மத்தியானத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு 'பார்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. யாரோ அவள் மேசையின் நடுவில் சாக்பீஸால் கோடு இழுத்து வைத்தார்கள். வியாழக்கிழமை அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார்.

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். சீருடையோடு நேரே வந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை என்று எழுத்தர் பிறகு சொன்னார். கைபேசியைத் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்து, இது எங்கள் வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

செய்தி ஆசிரியர் அறைக்கு வந்ததும் வரலாறு டீச்சர் எழுந்தார். கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தங்கையை அழைத்தார். தான் பெயரே போடவில்லை, ஒரே ஒரு குழுவில்தான் போட்டதாகத் தங்கை பதறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வாயைத் திறக்காதக்கா. எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். டீச்சர் குழாயை மூடினார். அந்த யோசனை தங்கை சொல்வதற்கு முன்பே தனக்கு வந்திருந்தது என்பதை நினைக்கையில் உடம்பு கூசியது.

சாயங்காலம் குழு கூடியது. படத்தில் மதிப்பெண் இல்லை, ஆகவே இது திருத்துவதற்கு முன்னால் எடுத்தது என்று தலைமையாசிரியர் துப்புத் துலக்கினார்.

"அதுக்கு முன்னாடி பேப்பர் யார் கையில இருந்துச்சு? கட்டக்கா கையிலதானே. டீச்சருங்க யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் வரலாறு டீச்சரைப் பார்த்தார். சந்தேகப்பட்டு அல்ல, ஆமோதிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் பார்த்தார். ஒரு மூச்சு நேரம். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீச்சர் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கணக்கு ஆசிரியர், விசாரித்துப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் கட்டக்காவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விதியை முதலில் வாசிக்க வேண்டும் என்பது முறை. வாசிப்பவர் வரலாறு டீச்சர். ஒன்பதாவது விதியை அவர் மேடைக் குரலில் இல்லாமல், மளிகைச் சீட்டுப் படிப்பதுபோலப் படித்தார். 'யாரிடமும்' என்ற இடத்தில் நிறுத்தினார். இருமுவதுபோல் சமாளித்தார்.

படம் எடுத்தீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார். இல்லை என்றார் கட்டக்கா. அப்படியென்றால் வேறு யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டார். தெரியாது என்றார். தாள்களை வாசிக்கும் பழக்கம் உண்டா என்றார்.

"எண்ணுறதுக்கே நேரம் பத்தாதுங்க, வாசிக்க எங்க போறது?" என்றார் கட்டக்கா. பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். "நான் அதைப் படிச்சிருந்தா, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, சாப்பிட்டியாம்மான்னாவது கேட்டிருப்பேன். போட்டோவா எடுத்திருப்பேன்?"

கணக்கு ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். வரலாறு டீச்சர், நடவடிக்கைக் குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தைத் தன் கையால் எழுதினார். எழுதியவர் வேறு யாரோ, கை மட்டும் தன்னுடையது என்பதுபோல இருந்தது. முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கட்டக்காவிடம் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டார்கள். கயிற்றைக் கழற்றும்போது அது அவருடைய கொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒருவரும் எழுந்து உதவவில்லை.

டீச்சரின் கணவர் கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்ப்பவர். அதிகம் பேசாதவர். சனிக்கிழமை காலையில் டீச்சர் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும், அந்தக் கட்டக்கா இனி வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருப்பாரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் டீச்சர். "அப்ப திங்கக்கிழமை போய்ச் சொல்லிடு" என்றார் அவர்.

திங்கட்கிழமை டீச்சர் சொல்லவும் செய்தார். தலைமையாசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபத்தைவிடக் கலவரம்தான் அதிகம். விதியை எழுதியவரே இப்படியென்று வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் என்ன ஆகும் என்றார். டீச்சரின் இருபத்தாறு வருடம் என்ன ஆகும் என்றார். படம் எங்கிருந்து போனதென்று கண்டறிய முடியவில்லை என எழுதி முடித்துவிடலாம், கட்டக்காவை நாளைக்கே கூப்பிட்டுக்கொள்ளலாம், யாருக்கும் நட்டமில்லை என்றார். எல்லாவற்றையும் பூசி மெழுகி அவர் நீட்டியதை, டீச்சர் வேண்டாமென்று தள்ளவில்லை. தலையாட்டினார். வெளியே வந்தபோது மனசு லேசாகியிருந்தது. பின்னாளில் தன்னைப் பற்றி நினைக்க நினைக்க அவருக்கு மிகவும் வெட்கமாக இருந்தது படத்தை அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை அல்ல, அந்த லேசான திங்கட்கிழமை மத்தியானம்தான்.

கட்டக்கா வந்தார். சாவி வரவில்லை. அது எழுத்தரிடம் போய்விட்டது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் எழுத்தரைத் தேடிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைய வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு பூட்டிய அறை வாசலில் காத்திருக்க வேண்டும். டீச்சர் அந்தத் தாழ்வாரம் வழியாகப் போவதை விட்டுவிட்டு, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்தார்.

பத்தாம் நாள், கட்டக்கா ஆசிரியர் அறைக்கு விடைத்தாள் வாங்க வந்தார். இளம் அறிவியல் ஆசிரியர் ஒருவர், வேடிக்கையாகத்தான், "போட்டோ கீட்டோ எடுத்துடாதீங்கக்கா" என்றார். அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கட்டக்கா தாள்களை எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

டீச்சருக்கு அப்போது தன் முகம் உறைத்தது. மற்றவர்களோடு சேர்ந்து அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது. உதட்டை இழுத்து மூட வேண்டியிருந்தது. அடுத்த பாடவேளை அவருக்கு ஓய்வு. நூலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்து, துறையின் ஒழுங்குக் குழுவுக்கு வாக்குமூலம் எழுதினார். படம் எடுத்தது, அனுப்பியது, விசாரணையில் நடுவராக உட்கார்ந்தது, விதியை வாசித்தது, தலைமையாசிரியரிடம் சொன்னது, அவர் சொன்ன வழிக்கு இணங்கியது எல்லாம் அதில் இருந்தன. நோக்கம் கெட்டதல்ல என்று ஒரு வரி எழுதினார். அதைப் படித்துப் பார்த்து அடித்துவிட்டார்.

நகலைப் பார்த்த தலைமையாசிரியர், தன்னையும் சேர்த்து மாட்டிவிட்டதாகச் சொன்னார். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்றார் டீச்சர். அவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன் பிறகு அவர் டீச்சரிடம் சுற்றறிக்கை மூலமாக மட்டுமே பேசினார்.

துறை அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஓர் அம்மையார். அவர் பள்ளியின் விதிப் புத்தகத்தைத் திறந்து ஒன்பதாவதை நிதானமாக வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. யார் எழுதினது?" என்று கேட்டார்.

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். டீச்சர், "நான்தாங்க" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசியதே இல்லை. அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பணிப்பதிவேட்டில் கண்டனம் எழுதினார்கள். பள்ளிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். இரண்டாண்டுகள் தேர்வுப் பணியோ விடைத்தாள் திருத்துவதோ கூடாது என்றார்கள். கட்டக்காவுக்குப் பள்ளி எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்து, சாவியைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். டீச்சர் இதையெல்லாம் எதிர்பார்த்திருந்தார். அவர் எதிர்பார்க்காதது, தண்டனை வந்தால் வெட்கம் குறையும் என்ற தன் கணக்குப் பொய்த்துப்போகும் என்பதுதான்.

ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று தானே சொன்னார். ஆசிரியர் அறையில் பல ஆண்டுகளாக நடந்துவந்த வாசிப்பும் தவறுதான் என்று சேர்த்துக்கொண்டார். புரையேறச் சிரித்த கணக்கு ஆசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் டீச்சர் கட்டக்காவிடம் போனார். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்த வாக்கியங்கள் வரிசை தப்பி வந்தன. கட்டக்கா கேட்டு முடித்தார்.

"அன்னைக்கு என் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க" என்றார். "நான் உங்களைப் பார்த்துத்தான் பேசினேன். டீச்சருக்குப் புரியும்னு நெனச்சேன்."

சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேர்வறைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் இந்தக் கூட்டத்துக்கு மூன்று வாரம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தாள், அதுவும் அம்மாவோடு, வேறு பிரிவில் சேர. ஆலோசகர் அறையில் அவர்களைச் சந்திக்க டீச்சர் அனுமதி கேட்டிருந்தார். வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் வந்தார்கள். பெண் ஒல்லியாக, பையைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

டீச்சர் எதையும் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். தாய் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்ம்மா."

தாய் மெதுவாகத் தலையசைத்தார். அவர் வைது தீர்த்திருந்தால் டீச்சருக்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும். அவர் வையவில்லை. டேப்பைப் பிய்த்தாகிவிட்டது, வீட்டுக்காரர் தனியாகப் போய்விட்டார் என்றார். படத்தைப் பார்த்து அவருக்கு வந்த அவமானத்தில் போனார் என்றும் சொல்லலாம், எப்படியும் போயிருப்பார் என்றும் சொல்லலாம் என்றார்.

பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். "அந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் டீச்சர் போட்டீங்க?"

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. "ஒண்ணு."

"ஆனா அது சரியான பதில்தானே? பாடத்துலயும் எல்லையில இருந்த ஜனங்களைக் கேக்கலன்னு இருக்கு. கடைசிப் பாராவுல."

இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக அவர் நடத்திய பாடம். கடைசிப் பத்தியில், இரண்டாவது வரியில் இருந்தது. அந்தப் பிள்ளை பாடத்தைப் படித்து, புரிந்து, தன் வீட்டையே சான்றாக வைத்து எழுதியிருந்தாள். சிரிப்பில் அதைப் பார்க்காமல் விட்டது டீச்சர். வரலாற்றில் இதைவிடத் தெளிவான விடையைத் தன் கையால் திருத்தியதில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்லிப் பாராட்ட வாயெடுத்தார். பாராட்டும் தகுதி தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டார். தான் திருத்தக் கூடாதென்பதால் வேறொருவர் அந்தத் தாளைப் பார்க்க ஏற்பாடு செய்வதாக மட்டும் சொன்னார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் திருத்தி நாலரை போட்டார். ஆண்டு முடிந்ததும் அந்தப் பெண் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டாள். அதன் பிறகு அவளைப் பற்றி டீச்சர் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்தார்.

இரண்டாண்டுகள் கழிந்து விடைத்தாள்கள் மறுபடி அவர் கைக்கு வந்தன. இதற்குள் கட்டக்கா தானாகவே ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்திருந்தார். கட்டு எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு யார் கைக்குப் போனது, திருத்தப்படாமல் போனதா திருத்தித் திரும்பியதா என்று எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு. மற்ற ஆசிரியர்களிடம் அதை நீட்டும்போது வீட்டுக் கதை, பிள்ளைகள் கதை என்று ஏதாவது பேசுவார். வரலாறு டீச்சரிடம் நோட்டைத் திறந்து வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை விரலால் காட்டுவார். டீச்சர் தாள்களை அங்கேயே நின்று ஒருமுறை எண்ணி, நேரத்தைப் பார்த்து, கையெழுத்துப் போடுவார். "சரியா இருக்குங்களா?" என்று கட்டக்கா கேட்பார். "சரியா இருக்குக்கா" என்பார் டீச்சர்.